அணியின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்: ஒரு பாட்டைப் பிரித்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் நோட்டை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி அட்டவணைதான் இருக்கும்: இடது பக்கம் குறள், வலது பக்கம் அதில் வரும் அணியின் (உவமை, உருவகம் மாதிரி) பெயர். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் இதுவரை பார்த்தேயிராத நான்கு வரியைக் கொடுத்து, "இதில் கவிஞர் என்ன செய்திருக்கிறார், அதனால் என்ன ஆகிறது" என்று கேட்டால் பேனா அப்படியே நின்றுவிடுகிறது.

பெயரிலிருந்து தொடங்குவதுதான் சிக்கல். பாட்டு உங்களை எந்த இடத்தில் நிறுத்தியது என்று முதலில் பாருங்கள், எதனால் நிறுத்தியது என்று தோண்டுங்கள், அப்புறம் பெயர் வையுங்கள். கீழே இருக்கும் படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. பி.ஏ. தமிழ் படிக்கிறவருக்கும், தேர்வு எழுதுகிறவருக்கும், விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவருக்கும் வரிசை ஒன்றுதான்.

1. உட்காரும் முன் என்னென்ன வேண்டும்

பாட்டை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அச்செடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி நல்ல இடைவெளி இருக்கட்டும். போன் திரையில் படித்தால் கண் ஓடிவிடும், கோடு போட முடியாது. முதல் சில வாரம் இரண்டு வரியிலிருந்து எட்டு வரிக்குள் இருக்கும் பாட்டாகவே எடுங்கள்.

ஒரு அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு உரைநூலும் வேண்டும், ஆனால் அதைத் திறக்கவேண்டிய நேரம் பின்னால் வரும். முதலிலேயே உரையைப் படித்துவிட்டால், உரையாசிரியர் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள், திரும்பி வரமாட்டீர்கள். உவமை, எடுத்துக்காட்டு உவமை, உருவகம், ஏகதேச உருவகம், பிறிது மொழிதல், வேற்றுமை, தற்குறிப்பேற்றம், பின்வருநிலை, நிரல்நிறை, சிலேடை, வஞ்சப்புகழ்ச்சி, உயர்வு நவிற்சி. ஆரம்பத்துக்கு இந்த ஒரு டஜன் தாராளம்.

கடைசியாக ஒன்று: தாளின் மேலே இந்த வரி எங்கே வருகிறது, எந்த அதிகாரம், யார் யாரிடம் சொல்கிறார் என்று எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் நான்காவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

2. வாய்விட்டுப் படியுங்கள்

இரண்டு தடவை, சத்தமாக. நூலகத்தில் முடியாதென்றால் வெளியே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். ஒலியால் நடக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் வேலையை இதிலிருந்து தொடங்குகிறோம்.

"கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக" என்ற குறளை எடுங்கள். இதில் துணைக்காலே இல்லை என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தினால் அது வெறும் விசித்திரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்று இழுத்து நிற்க ஓரிடமும் கிடைக்காது, ககரமும் றகரமும் மாறி மாறி அடிக்கும். கட்டளையாகச் சொல்லும் ஒரு குறளுக்கு அந்த வெட்டு வெட்டான ஓசை பொருந்துகிறது. இதுதான் பயன்படும் குறிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மோனை, எதுகை எல்லாம் அணி கிடையாது, செய்யுள் அமைப்பைச் சொல்லும் யாப்பில் வரும் தொடை. "இப்பாடலில் எதுகை அணி வந்துள்ளது" என்று எழுதினால் திருத்துகிறவர் மேற்கொண்டு படிக்கவே மனம் வராது. ஓசையைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், அணி என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள்.

3. உரைநடையில் ஒரு வரி எழுதுங்கள்

பாட்டில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல், சாதாரணப் பேச்சாக ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அகராதியைத் திறப்பது இந்தப் படியில்தான். கருத்தையோ நீதியையோ எழுதக்கூடாது, சொல்லியிருப்பதை மட்டும். பலர் சறுக்குவது இங்கே.

இனி ஒரே ஒரு குறளை வைத்துக்கொண்டு போவோம்.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்."

பீலி என்றால் மயிலிறகு, சாகாடு என்றால் வண்டி. உரைநடையில்: "மயிலிறகு ஏற்றிய வண்டியும், அந்த இறகை மிக அதிகமாக ஏற்றினால், அச்சு முறியும்." அவ்வளவுதான். "அளவுக்கு மீறினால் ஆபத்து" என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள், அது நீங்களாகச் செய்த முடிவு.

உரைநடை எதற்கு என்றால், அணி இருக்கும் இடத்தில் அது ஏதோ ஒன்றைத் தவறவிட்டுவிடும். தவறியது என்ன என்று தேடுவதுதான் அடுத்த வேலை.

4. இடறிய இடத்தைக் குறியுங்கள்

உரைநடையையும் பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே "இது ஏன் இப்படி?" என்று தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அணியின் பெயர் நினைவுக்கு வந்தாலும் எழுதக்கூடாது. எழுதிவிட்டால் அதற்கேற்ற ஆதாரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள், பாட்டைப் பார்ப்பது நின்றுபோகும்.

பீலிக் குறளில் எனக்கு மூன்று வட்டம் வரும். ஒன்று, ஏன் மயிலிறகு? இரண்டு, "சாகாடும்" என்பதில் அந்த "உம்" எதற்கு? மூன்று, தாளின் மேலே எழுதிய குறிப்பைப் பாருங்கள்: அதிகாரம் "வலியறிதல்", அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடுவது பற்றியது. ஆனால் குறளுக்குள் அரசனும் இல்லை, பகைவனும் இல்லை, ஒரு வண்டிதான் நிற்கிறது. மூன்றில் பெரிய வட்டம் இதுதான். அதிகாரத்தின் பெயரை எழுதி வைக்காதவருக்கு இது தோன்றவே தோன்றாது.

5. மாற்றிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வட்டமிட்ட ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அல்லது வேறொன்றை வைத்து, பாட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். எதை எடுத்தால் சரிகிறதோ அதுதான் வேலை செய்கிற பாகம்.

மயிலிறகுக்குப் பதில் கருங்கல் வைப்போம். கருங்கல்லை அதிகமாக ஏற்றினால் அச்சு முறியும். சரி, முறியும், அதற்கென்ன? யாருக்கும் தெரிந்ததுதான். ஊதினால் பறக்கிற ஒன்றைச் சொன்னதால்தான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பொருட்டாகவே தெரியாதவை சேர்ந்தால் என்ன செய்யும் என்ற விஷயம் முழுக்க அந்த இறகில் இருக்கிறது. பரிமேலழகரும் இந்தக் குறளுக்கு, எளியவர்கள்தானே என்று பலரோடு பகை கொள்கிறவன் வலியவனாக இருந்தாலும், அவர்கள் ஒன்றுசேரும்போது அழிவான் என்றுதான் பொருள் சொல்கிறார்.

அடுத்து "உம்"மை எடுங்கள். "பீலிபெய் சாகாடு அச்சிறும்." இது செய்தி. "சாகாடும்" என்றால், இறகு ஏற்றிய வண்டிக்கே இந்தக் கதி என்ற அழுத்தம் வந்து உட்காருகிறது. தமிழில் விளைவின் பாதி இப்படி ஓர் இடைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கும். உம், ஏ, ஓ, மற்று, கொல் ஆகியவற்றை ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, அரசனை உள்ளே கொண்டுவாருங்கள்: "சிறு பகைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் அரசன், பீலி மிகுதியாக ஏற்றிய வண்டி போல முறிவான்." பொருள் தெளிவாகிவிட்டது, பாட்டு போய்விட்டது. அரசன் வந்ததும் அது அரசனுக்கான அறிவுரை ஆகிவிடுகிறது, நமக்கென்ன என்று தள்ளிவிடலாம். அவன் இல்லாதபோது, மாதா மாதம் சின்னச் சின்னத் தவணையாக நான்கைந்து கடனை இழுத்துவிட்டுக்கொண்ட வேளச்சேரி ஆள்கூட அந்த அச்சின் முறிவைத் தன் முதுகில் உணரலாம்.

"சால", "மிகுத்து" என்று மிகுதியைக் குறிக்கும் சொல் இரண்டு தடவை வருவதே ஒரு சுமையேற்றம்தான் என்று ஒருவர் சொல்லலாம். நான் அதை எழுத மாட்டேன். "சால"வை எடுத்தாலும் குறளின் பொருள் பெரிதாகச் சரியவில்லை. மாற்றிப் பார்க்கும் சோதனையில் தேறாததைப் பதிலில் சேர்த்தால் மற்ற நல்ல குறிப்புகளின் மேலும் சந்தேகம் வரும்.

6. இப்போது பெயர் வையுங்கள், இந்த ஜோடிகளில் ஜாக்கிரதை

சொல்லவந்த பொருளை மறைத்து, அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்வது பிறிது மொழிதல். பீலிக் குறளின் பெயர் இதுதான். தண்டியலங்காரத்தில் ஒட்டு என்று இருக்கும், நுவலா நுவற்சி என்றும் சொல்வார்கள். மூன்று பெயரைப் பார்த்துவிட்டு மூன்று அணி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எடுத்துக்காட்டு உவமையோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு" என்பதில் உவமையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, நடுவில் "போல" மட்டும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சொல்லவந்த பொருள் வரிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் பிறிது மொழிதல்.

அடுத்த பொறி "போல". அதைக் கண்டதும் உவமை என்று குத்திவிடுகிறார்கள். "மழை வரும் போல இருக்கு" என்பதில் எதை எதோடு ஒப்பிட்டோம்? ஒன்றுமில்லை, அது ஒப்பில் போலி. இதைவிட நல்ல உதாரணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் ஆடுகின்றன:

"போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"

"என்பனபோல்" என்று "போல்" அப்பட்டமாகவே நிற்கிறது. ஆனாலும் இது தற்குறிப்பேற்றம். காற்றில் கொடி இயல்பாக ஆடுகிறது, அதற்குக் கவிஞர் தானாக ஒரு காரணத்தை ஏற்றுகிறார்: "வராதே" என்று கை காட்டுகிறதாம். இயல்பான நிகழ்ச்சி ஒன்று, ஏற்றிச் சொன்ன காரணம் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் இந்தப் பெயர். கொடிக்குக் கை இருக்கிறது என்பது மட்டும் போதாது. விளைவு என்ன? உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது படிக்கிற நமக்குத் தெரியும், அந்த இருவருக்கும் தெரியாது. கொடி நம் பக்கம் நின்று பேசுகிறது, அவர்கள் காதில் விழவில்லை.

உவமையும் உருவகமும்: தாமரை முகம் என்றால் உவமை, முகத்தாமரை என்றால் உருவகம் என்பதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்வதில்லை. உவமையில் முகம் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், நாம் நடுவில் நின்று ஒப்பிடுகிறோம். உருவகத்தில் முகமே பூ ஆகிவிட்டதால் "முகத்தாமரை வாடியது" என்று மேலே கட்டிக்கொண்டே போகலாம். அதில் ஒரு பாதியை மட்டும் உருவகமாக்கி மறு பாதியை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடியைத் தெப்பமாகச் சொல்லவில்லை. தெப்பத்தைப் படிக்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

உவமை என்று முடிவு செய்தபின்னும் ஒரு வேலை பாக்கி. தொல்காப்பியம் உவமை தோன்றும் இடத்தை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறது. அதாவது செயலா, பயனா, வடிவா, நிறமா? எது ஒத்துப்போகிறது என்று குறியுங்கள். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்பதில் ஒப்புமை தாங்குதல் என்ற செயலில் இருக்கிறது. நிலத்தை எடுத்துவிட்டு மலையை வைத்துப் பாருங்கள், பொறுமை வருகிறது, கூர்மை போகிறது. வெட்டுகிறவன் கால் ஊன்றி நிற்பது வெட்டுப்படுகிற அதே நிலத்தின் மேல், வெட்டுகிற அதே நேரத்தில். திட்டுகிறவனையும் தாங்கிக்கொண்டு நிற்கும் ஆளின் படம் அதில் முழுதாகக் கிடைக்கிறது.

வேற்றுமை அணிக்கு முதலில் ஒற்றுமை வேண்டும், அப்புறம்தான் வேறுபாடு. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே / நாவினாற் சுட்ட வடு." தீயும் சுடுகிறது, நாவும் சுடுகிறது, அது வரைக்கும் ஒன்று. பிறகு ஒன்றைப் "புண்" என்கிறார், மற்றதை "வடு" என்கிறார். ஆறுகிறது என்பதால் புண், மாறாமல் கிடக்கிறது என்பதால் வடு. வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பெயர்ச்சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை. அதில் பொருள் மாறுகிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள். "செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்" என்பதில் பொருள் மாறவில்லை, ஆணியடிப்பது போல ஒரே இடத்தில் விழுகிறது. அது சொற்பொருள் பின்வருநிலை. "பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் / பொருளல்லது இல்லை பொருள்" என்பதில் மதிப்பு, செல்வம் என்று சொல் நழுவிக்கொண்டே போகிறது, படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் நின்று எது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அது சொல் பின்வருநிலை. வேறு வேறு சொல் ஒரே பொருளில் வந்தால் பொருள் பின்வருநிலை.

7. தொனி மாறும் பாட்டுகளுக்குச் சூழலைத் திரும்பப் படியுங்கள்

வஞ்சப்புகழ்ச்சியில் சொற்கள் ஒன்றைச் சொல்லும், சூழல் இன்னொன்றைச் சொல்லும். சூழல் தெரியாவிட்டால் வெறும் புகழ்ச்சியாகப் படித்துவிட்டுப் போய்விடுவோம். புறநானூற்றில் ஔவையார், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். இன்றைய சென்னையும் அடங்கிய தொண்டை நாட்டின் அரசன். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பாடுகிறார்: இங்கே உள்ள ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, அங்கே எங்கள் ஆளுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன.

தூது, கொட்டில் என்ற இரண்டு குறிப்பும் இல்லாமல் இந்தப் பாட்டைக் கொடுத்தால், அதியமானின் ஆயுதங்கள் பழுதடைந்துவிட்டன என்று எழுதுகிறவர்கள் உண்டு. தூதரால் நேராக "உனக்குப் போர்ப் பழக்கம் இல்லை" என்று சொல்ல முடியாது. அரசனால் இந்தப் புகழ்ச்சிக்குக் கோபப்படவும் முடியாது. அவனைப் பேச முடியாத மூலையில் நிறுத்துவதுதான் விளைவு.

ஒரே தொடர் இரண்டு பொருள் தரும் சிலேடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பொருளையும் தனித்தனி நிரலில் எழுதி, ஒவ்வொரு தொடரும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று டிக் போடுங்கள். காளமேகத்தின் "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்" பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்துவதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

8. விளைவை எழுதுவது

இப்போது உரைநூலைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், அகராதியில் தவறவிட்டதைத் திருத்துங்கள், அப்புறம் எழுதுங்கள்.

"இக்குறளில் பிறிது மொழிதல் அணி அமைந்து பாடலுக்கு அழகு சேர்க்கிறது." இந்த வாக்கியத்தை வேறெந்தப் பாட்டின் கீழும் ஒட்டலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒட்ட முடிகிறதென்றால் அடித்துவிடுங்கள். "கற்போர் உள்ளத்தைக் கவர்கிறது", "ஆழமான பொருளைத் தருகிறது" எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

வாக்கியத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சொல், அது படிக்கிறவரை என்ன செய்ய வைக்கிறது, அது பாட்டின் விஷயத்தோடு எப்படிச் சேர்கிறது. இப்படி: "கனமான பொருளைச் சொல்லாமல் பீலியைச் சொன்னதால் அச்சு முறிவது எதிர்பாராததாகிறது, அரசனை வெளியே விட்டதால் யார் யார் பீலி என்பதைப் படிக்கிறவரே நிரப்ப வேண்டியிருக்கிறது, சிறு பகையை எண்ணாமல் விடும் தவறை அவரே ஒரு கணம் செய்து பார்க்கிறார். இது பிறிது மொழிதல் அணி." பெயர் கடைசி வாக்கியத்தில், அதுவும் குட்டியாக. தேர்வுத்தாளில் பெயரை முதலில் கேட்டால் தாராளமாக மேலே கொண்டுபோங்கள், யோசித்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

ஒரே பாட்டில் இரண்டு அணி கிடைத்தால், ஐந்தாவது படியில் எதை எடுத்தபோது பாட்டு அதிகம் சரிந்ததோ அதை விரிவாக எழுதுங்கள். மற்றதற்கு ஒரு வரி போதும்.

9. பழகுவதற்கு இடம்

மாநகரப் பேருந்தில் எழுதியிருக்கும் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் உரைநடை வரியை மனதில் போட்டு, ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் இருக்கின்றன, ஒரு அதிகாரத்துக்கு ஒரு சாயங்காலம் என்று போகலாம்.

பேச்சையும் விடாதீர்கள். "வடபழனியெல்லாம் இறங்கு" என்று நடத்துநர் கத்துவது அச்சான இடவாகுபெயர். ஊர்ப்பெயர் அங்கே இறங்கும் ஆட்களுக்கு வந்திருக்கிறது. இது அணிப் பட்டியலில் வராது, பெயரின் இலக்கணத்தில் வரும், ஆனால் சோதனை அதேதான். "வடபழனிக்குச் சீட்டு வாங்கியவர்கள் அனைவரும் இறங்குங்கள்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த சிக்னலைத் தாண்டியிருக்கும். தேர்தல் நேரத்துச் சுவரொட்டிகள், மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குத் தீனி போடும்.

சில வரிகளில் எதை மாற்றினாலும் ஒன்றும் சரியாது, உரைநடையும் பாட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அங்கே ஒரு பெயரை வலிந்து ஒட்ட வேண்டாம். "நேராகச் சொல்கிறது" என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.